வீட்டில் யாரும் இல்லை

மூன்றாவது முறையும் அதே வார்த்தைகளில் பதில் சொன்னால், மனப்பாடம் செய்துவைத்த பொய் என்பார். வார்த்தைகளை மாற்றினால், நேற்று ஒன்று இன்று ஒன்றா என்பார். பேசாமல் இருந்தால், பதில் இல்லை பார் என்று அக்காளிடம் திரும்புவார். உண்மையைச் சொல்வதற்கு நான்காவதாக ஒரு வழி இருந்தால் நன்றாக இருக்கும்.

சங்கவி இப்படி நினைத்தபடியே கணவன் நீட்டிய கைபேசியைப் பார்த்தாள். திரையில் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நீளமாக ஒரு சாம்பல் பட்டை. காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை. பட்டையைத் தொட்டால் ஒரே வரிதான் வந்தது: வீட்டில் யாரும் இல்லை.

"அறுவத்தி ரெண்டு நாளு," என்றான் நந்தகோபால். "ஒரு நாள் ரெண்டு நாள்னா கடைக்குப் போயிருப்பீன்னு விட்டுரலாம். அறுவத்தி ரெண்டு நாளும் பகல் பூரா வீடு காலியாக் கெடக்குது. எங்க போறே?"

"எங்கயும் போகலீங்க. வீட்லதான் இருந்தேன்."

"பகல்ல கூப்புட்டா போனு எடுக்கறதில்ல."

"உள்ள சிக்னல் வர்றதில்லீங்க. அதுக்குத்தான் கம்ப்ளைன்ட் குடுத்துக்கிட்டே இருக்கேன்."

"ஓமான்ல இருக்கற எனக்கே கூரைல இருக்கற இந்தப் பெட்டி பேசுது. உனக்கு மட்டும் சிக்னல் வர்றதில்ல."

அவன் ஓமானில், சோஹார் நகரத்து ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறவன். இரண்டு மாதத்துக்கு முன் விடுப்பில் வந்தபோது இந்தப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனான். நேற்று மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினான். கதவைத் திறந்த சங்கவியின் முகத்தைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை.

சோபாவில் அவன் அக்கா சுலோச்சனா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இதே குடியிருப்பில் அடுத்த கட்டடத்தில் இருக்கிறாள். தம்பி ஊரில் இல்லாத நாட்களில் சங்கவிக்குத் துணையாக இரவு ஒன்பது மணிக்குப் படுக்க வருவாள், விடிந்ததும் போய்விடுவாள்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. காலைல நீங்க போறப்ப நான் இங்கதான இருக்கேன்? ராத்திரி வர்றப்ப கதவைத் தொறக்கறது யாரு?"

"ஏ அம்மிணி, வர்றப்ப இருக்கறே, போறப்ப இருக்கறே. நடுவால என்ன பண்றீன்னு நான் என்ன சன்னல்ல தொங்கிட்டா பாத்தேன்?" சுலோச்சனா ஒரு சுளையை வாயில் போட்டாள். "முன் கேட்ல கேமரா இருக்குது. பின் கேட்ல கெடையாதுன்னு எல்லாத்துக்கும் தெரியும்."

"காலைல நீங்க வாசல் தாண்டுனதும் பெட்டி என்ன சொல்லும்னு நீங்களே கேட்டிருக்கீங்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருப்பேன்."

"அது எதையாச்சும் பினாத்தும். நான் காதுல போட்டுக்கறதில்ல."

"அப்ப நான் வீட்ல இருந்தேன்தானே?"

"அப்ப இருந்தே. அப்பறம்?"

பெட்டி கூடத்துக் கூரையில் இருந்தது. வெள்ளையாக, ஒரு தட்டம் அளவுக்கு. இணைய அலையை அனுப்புவதும் அதுதான். அந்த அலை வீட்டுக்குள் யார்மேல் பட்டுத் திரும்புகிறது என்று படிப்பதும் அதுதான். நடையையும் மூச்சையும் வைத்து ஆளை அடையாளம் காணும். ஆள் இருக்கிற அறைக்கு மட்டும் அலை அனுப்பும், இல்லாத அறையைப் பத்து நிமிடத்தில் மூடிவிடும். அலையும் மின்சாரமும் வீணாகக் கூடாது என்பது விதி. ஒரு வீட்டின் அலை அடுத்த வீட்டுக்குள் போகாதபடி இந்தக் குடியிருப்பின் சுவர்களுக்கு ஏதோ பூசியிருந்தார்கள். அதனால் கைபேசிக் கோபுரத்து சிக்னலும் உள்ளே வராது. பால்கனியில் நின்றால் கொஞ்சம் கிடைக்கும்.

பெட்டி வந்த நாளிலிருந்து இல்லை, நந்தகோபால் திரும்பிப் போன நாளிலிருந்துதான் சங்கவியின் கணினி இணைப்பில் நிற்க மறுத்தது. பத்து நிமிடம் இருக்கும், அறுந்துவிடும். அவள் செய்தது காது கேளாத மாணவர்களுக்கான வேலை. கல்லூரி வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச, வீட்டிலிருந்து கேட்டு, அதை அப்படியே தட்டச்சு செய்து அவர்கள் திரைக்கு அனுப்ப வேண்டும். கோவைப் பக்கத்து ஆசிரியர்கள் பாதி ஆங்கிலமும் பாதி ஊர்ப்பேச்சுமாகப் பேசுவதை இயந்திரங்களால் இன்னும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. எழுத்து நின்றுபோனால் அந்த மாணவர்களுக்கு வகுப்பே நின்றுபோனது போலத்தான். இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. இன்று இரண்டு மணிக்கு ஒரு வகுப்பு. இன்றும் அறுந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

அழைப்பு மணி அடித்தது.

வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். நீலச் சட்டை, தலையில் முக்காடு, தோளில் கனமான பை. கழுத்தில் தொங்கிய அட்டையில் ரஹ்மத்நிஷா என்று இருந்தது. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கேட்டாள்.

"பதினோரு தடவ கம்ப்ளைன்ட் போட்டது நீங்கதானே மேடம்?"

"ஆமா."

"போன்ல சொன்னதையெல்லாம் செஞ்சீங்களா, இல்ல செஞ்சேன்னு சொல்லிட்டீங்களா?"

இவளுமா, என்று நினைத்தாள் சங்கவி. "செஞ்சேங்க. பெட்டிய நிறுத்திப் போட்டேன். கம்ப்யூட்டர நிறுத்திப் போட்டேன். நெட்வொர்க்க அழிச்சுட்டு மறுபடி சேத்தேன். மேசைய ஜன்னல்கிட்ட நகத்துனேன், அப்பறம் செவுத்துக்கிட்ட நகத்துனேன். மைக்ரோவேவ ஒரு வாரம் தொடவே இல்ல."

"ஆன்டெனா?"

"வெளியில மாட்டறது ஒண்ணு புதுசா வாங்கி மாட்டுனேன்."

ரஹ்மத்நிஷா முகத்தில் முதல்முறையாக லேசான ஏமாற்றம் தெரிந்தது. வழக்கமாகக் கண்டுபிடிக்கிற தப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டன போல.

கணினி கடைசி அறையில் இருந்தது. ரஹ்மத்நிஷா நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் நந்தகோபாலும் சுலோச்சனாவும் நின்றார்கள். இணைப்பு உடனே வந்தது. காணொளி ஒன்றைப் போட்டாள், தடங்கலில்லாமல் ஓடியது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கினாள், இறங்கியது. பதினைந்து நிமிடம் ஆயிற்று. ஒரு சிணுங்கல்கூட இல்லை.

"பாலாட்டம் ஓடுது," என்றாள்.

"எங்க கண்ணு முன்னால மட்டும் நல்லா ஓடுதாட்டம் இருக்குது," என்றாள் சுலோச்சனா. "வேலைக்கு மட்டம் போடோணும்னா கம்ப்யூட்டரு மேல பழியப் போட்டா ஆச்சு."

"மேடம், என்னை லொள்ளு பண்றதுக்குக் கூப்புட்டீங்களா? எனக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருக்கு."

நந்தகோபால் சுவரில் சாய்ந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு சங்கவியையே பார்த்தான். அவன் சேகரித்துவைத்த பொய்களின் கணக்கில் இதுவும் ஒன்றாகச் சேர்வதை அவளால் பார்க்க முடிந்தது.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள் அவள். "நான் மட்டும் இந்த ரூம்ல இருக்கேன். பத்து நிமிஷம். கதவைச் சாத்திக்குங்க."

"எதுக்கு?" என்றான் நந்தகோபால்.

"அறுந்தா அப்பத்தான் அறும்."

ரஹ்மத்நிஷா கடிகாரத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், எழுந்தாள். கதவு சாத்தப்பட்டது. கூடத்தில் சுலோச்சனா ஏதோ சொல்ல, நந்தகோபால் அடக்குவது கேட்டது.

சங்கவி நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையின் மூலையில் அலையின் அளவு நிறைந்திருந்தது. பழுதாக வேண்டும் என்று ஒரு பொருளைப் பார்த்து வேண்டிக்கொள்வது அவளுக்கு இதுவே முதல் தடவை. பொருட்கள் பிற மனிதர்கள் முன்னால் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. நல்ல கணவனைப் போல, என்று நினைத்தாள். உடனே அந்த நினைப்பின் கசப்பு அவளுக்கே பிடிக்காமல் போயிற்று.

முதல் நாட்களில் அவள் பயந்திருந்தாள். காலையில் சுலோச்சனா வாசலைத் தாண்டியதும் பெட்டி ஒரு பெண் குரலில், 'வீட்டில் யாரும் இல்லை. விளக்குகளை அணைக்கிறேன்' என்று சொல்லும். சமையலறையில் நின்றுகொண்டிருக்கிற அவள்மேல் இருட்டு விழும். 'நான் இருக்கேன்' என்று சத்தமாகச் சொல்வாள். சுவரில் இருக்கிற சுவிட்சைப் போடுவாள். நந்தகோபாலிடம் தொலைபேசியில் சொன்னபோது, பெட்டி தப்புச் சொல்லாது, நீ எங்காவது பால்கனியில் நின்றிருப்பாய் என்றான். மூன்றாவது வாரத்தில் பெட்டிக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்திய பிறகு நடந்தவற்றை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதாவது நிமிடம். பத்து. திரையின் மூலையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிறகு ஒரு பெருக்கல் குறி வந்தது.

"வாங்க!" என்று கத்தினாள். குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கதவைத் திறந்து ரஹ்மத்நிஷா ஒரு காலை உள்ளே வைத்தாள். கோடுகள் திரும்ப வந்து நிறைந்தன.

"எங்க அறுந்துச்சு? ஓடுதே," என்றான் பின்னாலிருந்து நந்தகோபால்.

ஆனால் ரஹ்மத்நிஷா கணினியைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பலகைத் திரையில் வீட்டின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க அக்காவக் கூட்டிக்கிட்டு ஹாலுக்குப் போங்க. நான் கதவுக்கு வெளிய நிக்கறேன். மேடம், நீங்க அந்த ரூமுக்குள்ள நடங்க. குறுக்கயும் நெடுக்கயும். நல்லாக் கைய வீசி."

சங்கவி நடந்தாள். கட்டிலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து பீரோவுக்கு.

"குதிங்க."

"என்னது?"

"குதிங்க மேடம். ரெண்டு தடவ."

முப்பத்தாறு வயதில், கணவனும் நாத்தனாரும் கூடத்திலிருந்து எட்டிப் பார்க்க, அவள் குதித்தாள். சுலோச்சனா சிரித்தாள்.

ரஹ்மத்நிஷா சிரிக்கவில்லை. உள்ளே வந்து சங்கவியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "உசுரோடதான் இருக்கீங்க," என்றாள். கேலியாகத்தான் சொல்ல நினைத்திருப்பாள். குரல் அப்படி வரவில்லை. "இந்த ரூம்ல ஆளே இல்லைங்குது. ஹால்ல சார் தெரியறாரு, அக்கா தெரியறாங்க. பேரு தெரியாத ஆளுன்னு நான் தெரியறேன். நீங்க தெரியல."

"என்னைப் பதிவு பண்ணலியா?" என்றாள் சங்கவி.

"பண்ணாதவங்களும் தெரியணும். திருடன் வந்தாக்கூடத் தெரியணும்ல? இது வேற." விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். "மூணு பதிவு இருக்கு. நந்தகோபால். அக்கா. மூணாவது, வீடு."

"அது வீட்டுக்கு," என்றான் நந்தகோபால். "எப்பவும் பச்சப் புள்ளி எரியும். வீடு பத்தரமா இருக்குதுன்னு அர்த்தம். தெனமும் பாக்கறேன்."

"அப்படி ஒண்ணு பெட்டில கெடையாதுங்க சார். அது ஆளுக்குப் போடற புள்ளி." ரஹ்மத்நிஷா நிமிர்ந்தாள். "மாட்டுன அன்னிக்கு யாரு பேரு சொன்னது?"

"நான்தான்."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன், ஒவ்வொருத்தரா நடுவுல நிக்க வெச்சு யாருன்னு சொல்லச் சொன்னான் வந்த பையன். சொன்னேன்."

"பதிவு இருக்கும். கேக்கலாம்."

கூடத்துக்கு வந்தார்கள். பெட்டிக்குக் கீழே நின்று அவள் எதையோ அழுத்தினாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய நந்தகோபாலின் குரல் கூடத்தில் கேட்டது. இயந்திரத்தோடு பேசுகிறோம் என்ற கவனத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசியிருந்தான்.

'நான் நந்தகோபால்.'

'நந்தகோபால், பதிவு செய்யப்பட்டது,' என்றது பெண் குரல்.

'இது அக்கா.'

'அக்கா, பதிவு செய்யப்பட்டது.'

நாற்காலி நகரும் ஓசை. சங்கவியின் செருப்புச் சத்தம். அன்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றது அவளுக்கு நினைவிருந்தது.

'இது எங்க வீட்ல.'

'வீடு, பதிவு செய்யப்பட்டது. நன்றி.'

கீழே குப்பை வண்டி பின்னோக்கி வருகிற ஓசை கேட்டது.

"அடக் கெரகமே," என்றாள் சுலோச்சனா, பிறகு தாள முடியாமல் சிரித்தாள். "ஊட்ல, ஊட்லன்னு எங்கப்பன் சொன்னதையே இவனும் படிச்சுக்கிட்டான்."

"எல்லாரும் சொல்றதுதான!" என்றான் நந்தகோபால். "ஆபீஸ்ல கேட்டா, வீட்ல ஊருக்குப் போயிருக்காங்கங்கறோம். வீட்ல சௌக்கியமான்னு கேக்கறோம். தமிழ் பேசற மெஷினுக்கு இது தெரிய வேண்டாமா?"

"அதுக்கு மூணு பேர்தான்னு சொல்லியிருக்கு, மூணு பதிவு ஆயிருச்சு. வந்தவனும் எண்ணிப் பாத்துட்டுக் கெளம்பிட்டான்," என்றாள் ரஹ்மத்நிஷா. சங்கவியின் பக்கம் திரும்பினாள். பேச்சில் முன்பிருந்த காரம் இல்லை. "செவுரு, பீரோ, கட்டில் இதுமேலயும் அலை பட்டுத் திரும்பும் மேடம். ஆள மட்டும் பாக்கணும்னா அதையெல்லாம் கழிக்கணும். வீடுன்னு சொன்னதுனால உங்களையும் சேத்துக் கழிச்சிருச்சு. அப்பறம் தெனமும் பாக்குது, காலைலயும் மத்தியானமும் நீங்க இங்கயேதான் இருக்கீங்க. அதுக்கு இன்னும் உறுதி ஆயிருச்சு. எப்பவும் இருக்கறத அது ஆளாவே எடுத்துக்காது."

"வெளிய போனா?"

"வீடு எங்க போகப் போகுதுன்னு அது பாக்கறதே இல்ல. புள்ளி பச்சையாவே நிக்கும்."

சங்கவிக்கு அழுகை வரும் என்று தோன்றியது. வரவில்லை. அறுபத்திரண்டு நாட்களாகத் தினமும் அவன் பார்த்த பச்சைப் புள்ளி அவள்தான். அதைப் பார்த்து, வீடு பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட்டு, அதற்குக் கீழேயே, இவள் எங்கே போய்த் தொலைந்தாள் என்று தேடியிருக்கிறான்.

நந்தகோபால் சோபாவில் உட்கார்ந்தான். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவன் தோள்கள் இறங்கின. ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். ஒரு சொல் போதும். பெரிய சொல்லாகக்கூட இருக்க வேண்டியதில்லை.

"சரி," என்றான் அவன். "மெஷின் தப்பு. இப்ப இவ பேர்ல புதுசாப் பதிவு பண்ணிருங்க."

"பண்ணிட்டா கம்ப்யூட்டர் பிரச்சனையும் போயிரும். ரெண்டு நிமிஷம்," என்றாள் ரஹ்மத்நிஷா.

"ஒரு நிமிஷம்." அவன் முன்னால் சாய்ந்தான். "போன ரெண்டு மாசம்? அதுல இவ வீட்ல இருந்தாளா இல்லையான்னு இனிமே தெரியுமா?"

ரஹ்மத்நிஷா தயங்கினாள். "தெரியும். திரும்பி வந்த அலையெல்லாம் பெட்டியிலயே சேந்து இருக்கும். இவங்க உடம்பு எதுன்னு ஒரு தடவ சொல்லிட்டா, பழசையெல்லாம் மறுபடி ஓட்டிப் பிரிச்சுக் குடுத்துரும்."

"எந்த ரூம்ல இருந்தா, எத்தன மணிக்கு, எல்லாம்?"

"எல்லாம். நின்னாங்களா படுத்தாங்களா, தூங்குனாங்களா. மூச்சு இருக்குல்ல சார், அதுல நெறையத் தெரியும். பயந்தா ஒரு மாதிரி இருக்கும். அழுதா நெஞ்சு விட்டு விட்டு ஏறும், அது வேற மாதிரி. பேசுனாத் தெரியும், என்ன பேசுனாங்கன்னு தெரியாது."

"அதை யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள் சங்கவி.

"அட்மின். சார் போனுக்கு வரும்."

"அவரோடத நான் பாக்கலாமா?"

"அட்மினோடத அட்மின்தான் பாக்க முடியும்."

சுலோச்சனா உரித்த தோலைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தாள். "ஏன்டா, அப்ப என்னோடதும் உன்கிட்ட வருதா?"

நந்தகோபால் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இறுக்கம் தளர்ந்ததில் அவனுக்குக் கேலி வந்துவிட்டது. "வராம? சக்கரையைக் கொறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு நீ ஃபிரிட்ஜ் முன்னால இருவது நிமிஷம் நின்னா, சோஹார்ல எனக்கு மணி அடிக்குது. போன வாரம் மட்டும் நாலு தடவ."

சுலோச்சனாவின் முகம் சுண்டிப்போனது. ஆரஞ்சுத் தோலை மேசைமேல் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். கூரையை ஒரு தடவை பார்த்தாள்.

"இங்க வந்து நில்லுங்க மேடம்," என்றாள் ரஹ்மத்நிஷா. "இந்தத் தடவ உங்க பேர நீங்களே சொல்லுங்க. வேற யாரும் வாயத் தொறக்க வேண்டாம்."

சங்கவி நின்ற இடத்திலேயே நின்றாள்.

மூன்றாவது வாரம். பெட்டி சொன்னதற்கு மறுப்புச் சொல்லாமல் விட்ட அந்தக் காலையில், விளக்கைப் போடாமல் இருட்டிலேயே சிறிது நேரம் நின்றிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. யாரும் இல்லாத வீட்டில் யார் குளித்தால் என்ன, குளிக்காவிட்டால் என்ன? கூடத்தின் வெறுந்தரையில் படுத்தாள். சேலை விலகியதைச் சரிசெய்யவில்லை. அன்று தொடங்கியது. பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் சொல்லாமல் விழுங்கியவற்றை ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். மெதுவாகத்தான். பிறகு சத்தமாக. ஒருநாள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள், அவளுக்கே சிரிப்பு வந்தது, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தாள். ஒருநாள் அழுதாள், எதற்கென்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மதியம் பரண்மேலிருந்து சூட்கேஸை இறக்கி நான்கு சேலைகளை மடித்து வைத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்குள்ளே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து சேலைகளை அலமாரியில் அடுக்கினாள். இரவு சுலோச்சனாவுக்கு ராகி தோசை வார்த்தாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று பெட்டிக்குத் தெரியும். கதவுக்குள்ளே நிற்கும்போது அவள் மூச்சு எப்படி இருந்தது என்றும் தெரியும்.

அவள் எங்கும் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நிமிடக் கணக்காக, அறைக் கணக்காகச் சாட்சி சொல்லும். நேற்று மதியம் அவன் தோளுக்குப் பின்னால் தேடிய பார்வைக்கு, பொய்கள் என்று சேர்த்துவைத்த எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும். சொல்லி முடித்த பிறகு, அவள் மட்டும் இருந்த அந்த நாட்கள் அவன் கைபேசியில் வண்ணப் பட்டைகளாக இருக்கும். ஆலையின் உணவு இடைவேளையில் அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். பதினேழாம் தேதி எதற்கு அழுதாய் என்று கேட்பான். வாசலில் முப்பது நிமிடம் யாருக்காக நின்றாய் என்று கேட்பான்.

தான் குற்றமற்றவள் என்பதை நிரூபிக்க அவ்வளவையும் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அதைவிட விசித்திரம், இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் ஓடிப்போய் நடுவில் நின்றிருப்பாள் என்பது.

"மேடம், மணி பதினொண்ணே முக்கால் ஆச்சு," என்றாள் ரஹ்மத்நிஷா.

"பழசை எடுக்காம, இன்னிக்கிருந்து மட்டும் பண்ண முடியுமாங்க?"

"முடியாது மேடம். ஆளு யாருன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷமே அது பின்னால போய்த் தேட ஆரம்பிச்சிரும். நிறுத்தறதுக்கு எங்ககிட்ட வழி இல்ல."

"பதிவு பண்ணலைன்னா?"

"இப்படியேதான் இருக்கும். ஆளில்லாத ரூமுன்னு மூடிக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர்ல எந்தப் பழுதும் இல்ல, நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் வேலை இருக்குன்னு கம்ப்ளைன்ட்ல எழுதியிருந்தீங்க. போயிரும் மேடம். யோசிச்சுக்குங்க."

யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இணைப்பு நிற்கும், அவளுக்காக இந்த வீட்டில் அப்படி உட்கார ஆள் இல்லை. இரண்டு மணி வகுப்பில் பதினான்கு பேர் இருப்பார்கள். ஆசிரியரின் உதடு அசைவதையும் எழுத்து வராத திரையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பிறகு வேறு யாராவது அவள் இடத்தில் உட்கார்வார்கள். அவளுக்குப் பிடித்த வேலை அது. அவள் விரல்களுக்கு இருந்த வேகத்தைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அதென்ன யோசன?" நந்தகோபால் எழுந்துவிட்டான். "நீதான வீட்லயே இருந்தேன், இருந்தேன்னு நேத்துலருந்து ஒரே பாட்டு? போய் நில்லு. நீ சொன்னது நெசம்னா நெசம்னு ஆயிரும். எனக்கும் நிம்மதி. அம்பது டிகிரி வெயில்ல நின்னுக்கிட்டு, இவ எங்க போனாளோன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் நடிக்கவில்லை. கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. அவன்மேல் இரக்கம்கூட வந்தது, ஆனால் அந்த இரக்கம் அவள் கால்களை நகர்த்தவில்லை.

"மிஷின் தப்புன்னு இப்பத்தான நீங்களே சொன்னீங்க," என்றாள். "எல்லாருமாத்தான கேட்டோம். இது எங்க வீட்லன்னு. அதுக்கப்பறமும் எதுக்குங்க ரெண்டு மாசத்தையும் பாக்கோணும்?"

"பாத்தா என்ன? மறைக்கறதுக்கு எதுவும் இல்லைன்னா எதுக்குப் பயப்படறே?"

"பயப்படலீங்க."

"அப்ப நில்லு."

"வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"பதிவு வேண்டாம்."

ரஹ்மத்நிஷா தலையைக் குனிந்து பலகைத் திரையை அணைத்தாள். சுலோச்சனா தம்பியைப் பார்க்கவில்லை, சங்கவியைப் பார்த்தாள்.

நந்தகோபாலின் முகம் நேற்று வாசலில் இருந்ததைப் போல மறுபடியும் இறுகியது. சொல்லப்போவதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறவனைப் போல உதடு அசைந்தது. "அப்படின்னா இந்த ரெண்டு மாசமும் நீ வீட்ல இல்லைன்னுதான் நான் வெச்சுக்குவேன். தெரிஞ்சுதான் பேசறியா?"

"வெச்சுக்குங்க," என்றாள் சங்கவி.